சான்றிதழ் கொடுத்தாயிற்று, பக்கம் சரியானதா? – அணுகல்தன்மைப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது, அதாவது அணுகல்தன்மையைக் கொண்டுவருவது எப்படி என்று வகுப்பு நடத்துகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பாடத்திட்டம் தயாரிப்பவர்கள், வகுப்பெடுப்பவர்கள், ஊழியர்களை அந்த வகுப்புக்கு அனுப்பிவைக்கும் நிறுவனங்கள், அத்தனை பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. ஸ்கிரீன் ரீடர் என்கிற திரைவாசிப்பு மென்பொருள் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் கணினியில் வேலை செய்கிறேன். இந்த வகுப்புகளுக்கு மாணவராகவும் போயிருக்கிறேன், அரை மணி நேரம் பேச வந்த விருந்தினராகவும் போயிருக்கிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும், மனதார. இணையத்துக்கான தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அணுகல்தன்மைக்கென்று தனி முயற்சியைத் தொடங்கியது 1997இல். அதன் முதல் வழிகாட்டுதல்கள் 1999 மே மாதம் வந்தன. அதற்கப்புறம் பல ஆண்டுகளுக்கு, இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவரவராகத் தேடிப் படித்தால்தான் உண்டு. கணினி படித்துப் பட்டம் வாங்கியவர்களில் பலருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. இன்று டபிள்யூ3சியே ஓர் இணையவழிப் படிப்பை இலவசமாகத் தருகிறது. தேர்வு எழுதித் தொழில்முறைச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. நிறுவனங்கள் ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகளுக்கு ஆட்களை அனுப்புகின்றன. இந்த மாற்றத்துக்கு உழைத்தவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்.

வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்தாயிற்று. வகுப்புக்கு வந்தவர் கட்டிய பக்கம் சரியானதா?

வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்து வருகிறது. முதல் ஆண்டில் 97.8 சதவீதப் பக்கங்களில் தவறு இருந்தது. 2025இல் 94.8 சதவீதம். ஆறு ஆண்டுகளில் அசைந்தது இவ்வளவுதான். அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. கண்டுபிடிக்கப்பட்ட தவறுகளில் ஏறக்குறைய 96 சதவீதம் வெறும் ஆறே வகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. மங்கலான எழுத்து, படத்தைச் சொற்களில் விளக்கும் மாற்று உரை இல்லாதது, படிவக் கட்டத்துக்குப் பெயர் இல்லாதது, வெறுமையான இணைப்பு, வெறுமையான பட்டன், பக்கத்தின் மொழி குறிக்கப்படாதது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவைத்தால் என் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு எழுத்துகளைக் கடித்துத் துப்பும், இல்லாவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடும். ஒரே ஒரு வரியில் இரண்டெழுத்தை மாற்றினால் தீர்ந்துபோகிற சங்கடம் அது.

இந்த ஆறில் ஒன்றாவது கடினமான பாடமா? முதல் நாள் காலையிலேயே நீங்கள் சொல்லிக்கொடுப்பவைதானே எல்லாம். சொல்லிக்கொடுத்தது பக்கத்தில் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் கவலை.

நான் பார்த்த வகுப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்தன. காலையில் வரையறைகள். உலகத்தில் 130 கோடிப் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறை இருக்கிறது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்புறம் சட்டம், வழக்கு, அபராதம். அதன்பின் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்கிற டபிள்யூ3சியின் வழிகாட்டுதல்கள். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் மொத்தம் 86 அளவுகோல்கள், அவற்றில் ஏ, ஏஏ என்ற முதல் இரண்டு நிலைகளில் மட்டும் 55. அத்தனையும் ஸ்லைடு ஸ்லைடாக ஓடும். மதியம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பயிற்சி. பிறகு என்னைப் போன்ற ஒருவர் அரை மணி நேரம். கைதட்டல். கடைசியில் ஒரு கருவியின் செயல்விளக்கம், பத்துக் கேள்வித் தேர்வு, சான்றிதழ்.

கண்ணைக் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பார்த்தே பழகிய ஒருவர் திடீரென்று கண்ணைக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்கிரீன் ரீடரைத் தொடுகிறார். தடுமாறுகிறார், பயப்படுகிறார், ஐந்து நிமிடத்தில் கட்டை அவிழ்த்துவிட்டு “அப்பா, எவ்வளவு கஷ்டம்” என்கிறார். அவர் உணர்ந்தது என் வாழ்க்கையை இல்லை, ஒரு பழக்கமும் இல்லாத தன்னுடைய முதல் ஐந்து நிமிடத்தை. இதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் இருந்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியும் என்பதில் மற்றவர்களைவிடக் குறைவான நம்பிக்கையே வைத்தார்கள் என்று ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. இரக்கம் கூடுகிறது, மதிப்பு குறைகிறது. அந்தப் பக்கத்தில் என்ன தவறு என்பது மட்டும் யாருக்கும் புரிவதில்லை. கஷ்டம் கண் இல்லாததால் வந்தது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். பக்கம் சரியாகக் கட்டப்படாததால் வந்தது என்று நினைப்பதில்லை.

அதற்குப் பதிலாக மவுஸைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்துகொண்டே, தான் கட்டிய பக்கத்தை டேப் விசையால் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும் கோடு மறைந்துபோவதும், மேலே வந்து விழுந்த பெட்டியை மூட முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வதும் அவருக்கே தெரியும். அங்கே அவர் யாருக்காகவும் பரிதாபப்பட மாட்டார். தன் வேலையில் உள்ள குறையைப் பார்ப்பார்.

என் அரை மணி நேரத்துக்கு வருகிறேன். நான் ஸ்கிரீன் ரீடரை வேகமாகப் பேசவைத்துக் கேட்பவன். பழகியவர்கள் பலரும் அப்படித்தான். அந்த வேகத்தைக் கேட்டு அறையில் இருப்பவர்கள் வியப்பார்கள். போனை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், வண்ணங்களை எப்படிக் கற்பனை செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், நானும் அன்பாகத்தான் பதில் சொல்கிறேன். ஆனால் வெளியே வரும்போது ஒவ்வொரு முறையும் மனதில் ஒரு கனம் இருக்கும். எனக்குத் தெரிந்த வேலையைப் பற்றி, எந்தப் பக்கத்தில் எது உடைகிறது, ஏன் உடைகிறது என்பதைப் பற்றி, அங்கே யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

ஒரே ஒரு நாள் வேறு மாதிரி நடந்தது. அந்த நாளுக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, தான் கட்டிய ஒரு முன்பதிவுப் படிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவருடைய மடிக்கணினியில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவினோம். அது இலவசம், சில நிமிட வேலை. டேப் விசையை அழுத்தினேன். “எடிட், பிளாங்க்” என்றது. மறுபடி அழுத்தினேன். “எடிட், பிளாங்க்.” நான்கு கட்டங்களுக்கும் அதே பதில். “இதில் பெயர் எது, போன் எண் எது?” என்று கேட்டேன். “பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே” என்றார். எழுதியிருந்தது உண்மைதான், ஆனால் அந்த எழுத்தையும் கட்டத்தையும் நிரலில் எதுவும் இணைக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்கிரீன் ரீடருக்குப் பக்கத்தில் இருப்பதாகாது. அடுத்தது தேதி. நாட்காட்டி திறந்தது, மவுஸுக்கு மட்டும். கையால் தட்டச்சு செய்யவும் விடவில்லை. அனுப்பும் பட்டனோ டேப் விசையில் அகப்படவே இல்லை. “நீல நிறத்தில் பெரிதாக இருக்கிறதே!” என்றார் அவர். அது டிவ் என்கிற வெறும் பெட்டி. பட்டன் மாதிரி வண்ணம் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான். அம்பு விசைகளால் வரிவரியாகத் தேடி அதைக் கண்டுபிடித்து என்டரை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்தேன்.

“மேலே சிவப்பில் மூன்று பிழை வந்திருக்கிறது” என்றார் மெதுவாக.

“எனக்கு எதுவும் கேட்கவில்லையே” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நிரலைத் திறந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் பெயரைச் சொல்லும் லேபிளை முறையாக இணைத்தார். டிவ்வைத் தூக்கிவிட்டு, பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் ஏற்கெனவே இருக்கிற பட்டனைப் போட்டார். அந்த ஒரு மாற்றத்திலேயே டேப் விசையில் வரத் தொடங்கியது, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் வேலை செய்தது, “பட்டன்” என்று தன்னைத் தானே அறிவித்தது. தேதியைத் தட்டச்சு செய்ய வழி திறந்தார். பிழை வந்தால் அந்தச் செய்திக்கே கவனம் போகும்படியும், எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்பது அந்தக் கட்டத்தோடு சேர்த்துப் படிக்கப்படும்படியும் செய்தார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுபடி நான் உட்கார்ந்து முதலிலிருந்து நிரப்பி அனுப்பினேன். பதிவு ஏற்கப்பட்டது என்று ஸ்கிரீன் ரீடர் படித்தது.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: “நான் இதுவரைக்கும் கட்டிய படிவம் எல்லாமே இப்படித்தானே இருக்கும்?”

அன்று காலையில் அதே வகுப்பில், ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர், பங்கு, மதிப்பு ஆகிய மூன்றும் நிரல் வழியாகத் தெரிய வேண்டும் என்கிற 4.1.2 அளவுகோல் ஸ்லைடில் போயிருந்தது. அவரும் குறிப்பெடுத்திருந்தார். தன் படிவம் அந்த அளவுகோலில் தவறுகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கவும் முடியாது. தன் பக்கத்தை அதன் பயனர் ஒருவர் பயன்படுத்துவதை அவர் அதுவரை கண்டதில்லை.

நான் கேட்பது இதைத்தான். வகுப்புக்கு அப்புறம் தற்செயலாக நடந்த அந்த ஒரு மணி நேரத்தையே வகுப்பாக ஆக்குங்கள். வருகிறவர் தன் வேலையிலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவரட்டும். ஒரு மாற்றுத்திறனாளி அதைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். உடைகிற இடத்தில் உட்கார்ந்து சரிசெய்யட்டும். அளவுகோல்களைப் பிறகு சொல்லிக்கொடுங்கள். தன் படிவம் ஊமையாக நின்றதைப் பார்த்தவருக்கு 4.1.2 ஒரு நாளும் மறக்காது.

இதில் ஏரியாவைப் (ARIA) பற்றி ஒரு வார்த்தை. ஓர் உறுப்பு என்ன, அதன் பெயர் என்ன என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல நிரலில் கூடுதலாக எழுதும் குறிப்புகள்தான் ஏரியா. பல வகுப்புகளில் அது உயர்நிலைப் பாடம், கற்றுக்கொண்டவர்கள் எல்லா இடத்திலும் அதைத் தூவிவிடுகிறார்கள். எச்.டி.எம்.எல்.லிலேயே அந்த உறுப்பு இருக்கும்போது ஏரியாவைத் தொடாதே என்பதுதான் அதன் முதல் விதி. வெப்எய்ம் கணக்கிலும் ஏரியா இருக்கும் பக்கங்களில் சராசரியாகத் தவறுகள் கூடுதலாகத்தான் இருக்கின்றன. பட்டன் என்று பொய்யாக அறிவிக்கும் பெட்டி, ஒன்றும் அறிவிக்காத பெட்டியைவிட மோசம். அது என்னைக் காத்திருக்கவைக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு உதவியது நான் என்பதால், என்னை மட்டும் அழைத்தால் போதும் என்று அர்த்தமில்லை. அணுகல்தன்மை என்றாலே ஸ்கிரீன் ரீடர் என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. கை நடுங்கும் ஒருவருக்கு நெருக்கமாக வைத்த குட்டிக் குட்டி ஐகான்கள் சுவர்தான். 24க்கு 24 பிக்சல் என்ற குறைந்தபட்ச அளவும், இழுத்து நகர்த்துவதற்கு மாற்று வழி வேண்டும் என்ற விதியும் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2இல்தான் வந்தன. காது கேளாதவர்களில் பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி, நாம் எழுதுகிற மொழி இரண்டாவது மொழி. தானியங்கி வசன வரிகளைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறோம், அந்த வரிகளோ பெயர்களிலும் எண்களிலும்தான் முதலில் தவறுகின்றன. எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் படிப்பவர் இருக்கிறார், அசையும் படங்களைப் பார்த்தால் தலைசுற்றுபவர் இருக்கிறார்.

நினைவாற்றல், கவனம், கற்றல் ஆகியவற்றில் சிரமம் உள்ளவர்களைப் பற்றி நான் போன பெரும்பாலான வகுப்புகளில் கடைசி ஸ்லைடில் ஒரு வரி, அதுவும் நேரம் இருந்தால். நிரப்பிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிடும் பக்கம், உள்ளே நுழையப் புதிர் போடும் பக்கம், ஒரே தகவலை மூன்று முறை கேட்கும் பக்கம் ஆகியவை அவர்களை எப்படி வெளியே தள்ளுகின்றன என்பதை அவர்களே வந்து சொன்னால்தான் புரியும். நான் சொன்னால்கூட அது இரண்டாம் கைச் செய்திதான்.

கருவிகளைப் பற்றியும் வகுப்பில் உண்மையைச் சொல்லுங்கள். 2017இல் பிரிட்டன் அரசின் இணையச் சேவைப் பிரிவினர் வேண்டுமென்றே தவறுகளை நிரப்பி ஒரு பக்கம் செய்து பல கருவிகளால் சோதித்தார்கள். எந்தக் கருவியிலும் சிக்காத தவறுகள் ஏராளமாக இருந்தன. ஆச்சரியமில்லை. ‘படம்1’ என்று மாற்று உரை எழுதினாலும் கருவி தேர்ச்சி கொடுத்துவிடும், அந்தப் படம் என்ன சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. கருவி வேண்டும், தினமும் வேண்டும், தொடக்கத்திலேயே வேண்டும். ஆனால் நூற்றுக்கு நூறு என்று பச்சை நிறத்தில் காட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறவரை உங்கள் வகுப்பு வெளியே அனுப்பக்கூடாது. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்று விற்கப்படும் செருகு நிரல்களைத் தீர்வாக அறிமுகப்படுத்துவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று 2025இல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது.

அப்புறம், உங்கள் வகுப்புக்குள் நாங்கள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். நான் மாணவராகச் சேர விரும்பிய ஓர் அணுகல்தன்மைப் பயிற்சியின் பதிவுப் படிவத்தில், படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. ஒலி வழியாகக் கேட்க வசதி இல்லை. பக்கத்து வீட்டு மாணவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லித்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு வந்த பாடக் குறிப்புகள், ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.ஆக மாற்றிய படங்கள். அன்றைக்கு எனக்கு வந்தது கோபத்தைவிடப் பெரிய சோர்வு. இதைச் சொல்லிக்கொடுப்பவர்களே இப்படி என்றால் வேறு யாரிடம் போவது? அதன்பின் சொல்லிச் சரிசெய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காது கேளாத ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், நிரல் எழுதத் தெரிந்த பார்வையற்ற ஒருவர் பயிற்சி பெறுபவராக வருவார் என்ற எண்ணமே பாடம் தயாரிக்கும்போது இருக்க வேண்டும். நாங்கள் பயனர்கள் மட்டும் இல்லை, இந்தத் துறையில் வேலை தேடுகிறவர்களும்தான்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். அழைத்து வந்து பேசவைத்து, ஒரு நினைவுப் பரிசைக் கையில் கொடுத்து அனுப்புகிற வழக்கம் போதும். வகுப்பெடுக்கிற மற்றவருக்கு என்ன ஊதியமோ, அதே ஊதியத்தை எங்களுக்கும் கொடுங்கள். பாடத்திட்டம் எழுதும் மேசையிலும் இடம் கொடுங்கள். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் வந்தது. அதன் 9ஆவது பிரிவு அணுகல்தன்மை பற்றிய பயிற்சியை அரசுகளின் கடமையாக வைக்கிறது. 4ஆவது பிரிவு, எங்களைப் பாதிக்கும் முடிவுகளில் எங்களைக் கலந்து, எங்களை ஈடுபடுத்தித்தான் செய்ய வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நான் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை.

ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களே, நீங்கள் நிரல் எழுதுபவரை மட்டும் அனுப்புகிறீர்கள். மங்கலான சாம்பல் எழுத்தைத் தேர்ந்தெடுத்தவர் வடிவமைப்பாளர். சுற்றறிக்கையைப் படமாக ஏற்றியவர் உள்ளடக்கம் எழுதுபவர். அணுக முடியாத மென்பொருளை வாங்கக் கையெழுத்துப் போட்டவர் மேலாளர். அவர்களும் வர வேண்டும், ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடம் வேண்டாம். டபிள்யூ3சியின் மாதிரிப் பாடத்திட்டமே நிரலாளருக்குத் தனியாக, வடிவமைப்பாளருக்குத் தனியாக என்று வேலை வாரியாகப் பிரித்துத்தான் வந்திருக்கிறது. திரும்பி வந்தவருக்கு, கற்றதைச் செய்து பார்க்க நேரம் ஒதுக்குங்கள். நான் சந்தித்த பலருக்கு மனம் இருந்தது, ஆனால் மறுநாளே பழைய வேலைக் குவியல் வந்து விழுந்தது. “முதலில் வெளியிட்டுவிடலாம், அணுகல்தன்மையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். கட்டி முடித்த பக்கத்தை உடைத்துத் திருத்துவதைவிட, கட்டும்போதே லேபிளை இணைப்பது எவ்வளவு சுலபம் என்பது அந்தப் பெண்ணின் படிவத்தில் எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

சான்றிதழை நிறுத்தச் சொல்லவில்லை. அதைக் கொடுக்கும் நாளை மாற்றுங்கள் என்கிறேன். வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி கூடுங்கள். கொண்டுவந்த பக்கம் திருத்தப்பட்டு வெளியாகியிருக்கிறதா, எங்களில் ஒருவர் அதில் உட்கார்ந்து வேலையை முடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அன்று கொடுங்கள்.

உங்கள் அடுத்த வகுப்புக்கு நான் வரத் தயார். அரை மணி நேரத்துக்கு வேண்டாம், முழு நாளும் இருக்கிறேன். வருகிறவர்களிடம் ஆளுக்கொரு பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மவுஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் வகுப்புகளில் வந்து பேசிவிட்டுப் போன ஒருவர்